லினக்ஸ் கணினியில் மேம்படுத்தலை யாரிடம் ஒப்படைப்பது?

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் அலுவலகம், பள்ளியின் கணினி அறை, நூலகம், ஊரில் இருக்கும் பெற்றோரின் மடிக்கணினி என எங்கே லினக்ஸ் நிறுவிக் கொடுத்தாலும், கொடுத்தவரின் வேலை நிறுவிய அன்றே முடிந்துவிடுவதில்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு அந்தக் கணினிகளின் மென்பொருள் தொகுப்புகளை யார், எப்போது, எந்த முறையில் மேம்படுத்துவது என்பதையும் அவரே முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்யாமல் விட்டால் பெரும்பாலும் யாருமே மேம்படுத்துவதில்லை. 2019 ஏப்ரலில் ஆதரவு முடிந்துபோன தன் 17ஆம் வரிசைப் பதிப்புகளை இன்னமும் கணிசமானோர் பயன்படுத்திவருவதைக் கண்டு, கணினியைப் புதுப்பிக்குமாறு லினக்ஸ் வழங்கல்களுள் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் இயங்குதளங்களுள்) ஒன்றான லினக்ஸ் மின்ட் திட்டம் 2021 பிப்ரவரியில் தன் பயனர்களை வெளிப்படையாகவே வேண்டிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் வந்த மின்ட் 20.2இல் ஒரு நினைவூட்டல் சேர்க்கப்பட்டது. ஒரு புதுப்பிப்பு வெளிவந்து, பயனர் உள்நுழைந்த நாட்கள் ஏழைத் தாண்டினாலோ, நாட்காட்டிக் கணக்கில் பதினைந்து நாட்கள் கடந்தாலோ அது திரையில் தோன்றும்.

நினைவூட்டல் நல்லதுதான். ஆனால் பயனர் தள்ளிப்போடுவதற்கு மறதியோ சோம்பலோதான் காரணம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. என் பார்வையில் அவர் தள்ளிப்போடுவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. தனக்கு விடை தெரியாத கேள்விகள், பாதியில் நிறுத்தக் கூடாத ஒரு வேலைக்கு நடுவே கேட்கப்படுகின்றன என்பதையும், தவறிப்போனால் திரும்பிவர வழியில்லை என்பதையும் அவர் ஏதோ ஒரு முறை பட்டறிந்திருக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். அலுவலகத்தில் ஒருவர், தன் கணினியில் இணைத்த பிரிண்டரை மற்றவர்களும் பயன்படுத்தட்டும் என்று அமைப்புகளில் 'பகிர்' என்ற கட்டத்தில் ஒரு டிக் போடுகிறார். அந்த டிக் பின்னணியில் கப்ஸ் அச்சுச் சேவையின் அமைவுக் கோப்பை மாற்றி எழுதிவிடுகிறது. பல மாதங்களுக்குப் பிறகு கப்ஸ் தொகுப்புக்குப் புதிய பதிப்பு வந்து, அந்தக் கோப்பின் மூல வடிவமும் மாறியிருந்தால், அவர் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) கொடுத்த மேம்படுத்தல் கட்டளை நடுவழியில் நிற்கிறது. நிறுவிய பிறகு இந்தக் கோப்பு 'உங்களாலோ ஒரு ஸ்கிரிப்டாலோ' மாற்றப்பட்டுள்ளது என்று, தொகுப்புகளை நிறுவும் அடிப்படைக் கருவியான டிபிகேஜி அறிவிக்கிறது. பராமரிப்பாளரின் புதிய கோப்பை நிறுவவா, இருப்பதையே வைத்துக்கொள்ளவா, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டவா, ஒரு ஷெல்லைத் திறந்து தரவா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. ஒன்றும் தட்டாமல் என்டரை அழுத்தினால் பழைய கோப்பே நீடிக்கும், அதனால் பெரும்பாலும் தீங்கும் இல்லை. ஆனால் வாழ்நாளில் ஓர் அமைவுக் கோப்பைக்கூடத் திறந்து பார்த்திராதவருக்கு இது எப்படித் தெரியும்? பயந்துபோய்ச் சாளரத்தை மூடுகிறார். அடுத்த முறை எதை நிறுவ முயன்றாலும், டிபிகேஜி இடையில் நிறுத்தப்பட்டது, நீங்களே கைப்படச் சரிசெய்ய வேண்டும் என்ற செய்திதான் வருகிறது.

எனவே வழிகளை ஒப்பிடும்போது சில கேள்விகளை ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. நேரத்தைத் தீர்மானிப்பது யார்? இடையில் எழும் கேள்விக்கு யார் விடை சொல்வது? பாதியில் மின்சாரம் போனால் கணினி என்ன நிலையில் நிற்கும்? புதிய பதிப்பு ஒத்துவரவில்லை என்றால் பழையதற்குத் திரும்ப வழி உண்டா? செல்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவருக்கு டேட்டா எவ்வளவு செலவாகும்? இவற்றுள் கடைசிக் கேள்வி நம்மூரில் மற்றவற்றுக்குச் சளைத்ததல்ல.

கையால் கட்டளை கொடுப்பது

இப்போதிருக்கும் நிலை இதுதான். கணினியை அறிந்தவருக்கு இதைவிடச் சிறந்த முறை கிடையாது. என்ன வருகிறது, எது போகிறது என்று பட்டியலைப் பார்த்து, தனக்கு வசதியான நேரத்தில் அவர் செய்துகொள்வார். சிக்கல் பிறருக்குத்தான். டெபியன், உபுண்டு, மின்ட் ஆகிய வழங்கல்களில் தொகுப்புகளைப் பதிவிறக்கி மேம்படுத்தும் கருவிகள் ஏபிடி-கெட், ஏபிடி. இவற்றுள் ஏபிடி-கெட் கருவியின் 'அப்கிரேட்' புதிய தொகுப்பு எதையும் சேர்க்காது, இருப்பதையும் நீக்காது. ஏபிடி கருவியின் 'அப்கிரேட்' தேவைப்பட்டால் புதியதைச் சேர்க்கும், ஆனால் நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கவும் செய்யும். இந்த வேறுபாட்டை அறியாத ஒருவர், இணையத்தில் கண்ட மூன்றாவது கட்டளையை, எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடும் குறியோடு சேர்த்துக் காலங்காலமாக ஓட்டிக்கொண்டிருப்பார். தனியார் களஞ்சியங்கள் (தொகுப்புகளை வழங்கும் இணையச் சேமிப்பிடங்கள்) ஒன்றிரண்டையும் அவர் சேர்த்திருந்தால், ஒரு நாள் முழு டெஸ்க்டாப் சூழலே நீக்கப்படும் பட்டியலில் வந்து நிற்கலாம். அதைத் தடுக்க வேண்டிய கேள்வியைத்தான் அவர் ஏற்கெனவே அணைத்து வைத்திருக்கிறாரே.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 உடன் வந்த ஏபிடி 3.0, இந்தப் பட்டியலை நெடுவரிசைகளாகப் பிரித்து, நீக்கப்படுபவற்றைச் சிவப்பில் காட்டுகிறது. நீண்ட காலமாக வேண்டியிருந்த மாற்றம் இது, படிப்பவருக்கு மிகவும் உதவும். உபுண்டுவிலோ படிப்பவரையும் குழப்பும் வேறொன்று இருக்கிறது. அங்கே சாதாரணப் புதுப்பிப்புகள் எல்லாருக்கும் ஒரே நாளில் தரப்படுவதில்லை. முதலில் சிறு விழுக்காட்டினருக்குக் கொடுத்து, பிழை அறிக்கைகள் கூடாமலிருந்தால் படிப்படியாக விரிக்கிறார்கள். தன் முறை வராத கணினியில் சில தொகுப்புகள் 'ஒத்திவைக்கப்பட்டன' என்று ஏபிடி சொல்லும்போது, ஏதோ பழுது என்று எண்ணிப் பலர் அவற்றை வலிந்து நிறுவுகிறார்கள். அவர்களைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாட்டை அவர்களே தாண்டிச் செல்கிறார்கள்.

தானாகவே நிறுவவிடுவது

டெபியன் குடும்பத்தில் இதற்கான கருவி அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் இது நிறுவும்போதே இயங்கும் நிலையில் இருக்கிறது. மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் விருப்பங்களுக்குள் சென்று நாமே இயக்கிவிட வேண்டும். கணினியின் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் இரண்டு டைமர்கள் (குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தொடங்குபவை) இதை நடத்துகின்றன. ஒன்று, நாளைக்கு இருமுறை களஞ்சியப் பட்டியலைப் புதுப்பித்துத் தொகுப்புகளைப் பதிவிறக்கும். மற்றொன்று, காலை ஆறு மணிக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு தற்செயலான நொடியில் நிறுவும். அந்நேரத்தில் கணினி அணைந்திருந்தால், அடுத்த முறை இயக்கும்போது விட்டுப்போன வேலை மீண்டும் எடுக்கப்படும்.

இதன் பெரும் வலிமை அதன் அடக்கம்தான். உபுண்டுவில் இயல்பாக இது பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே தொடுகிறது. வேலையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்துச் செய்வதால், நடுவில் கணினியை நிறுத்தச் சொன்னாலும் ஒரு கூறு முடிந்த இடத்தில் ஒழுங்காக நின்றுகொள்ளும். அமைவுக் கோப்பு பற்றிய கேள்வி எழக்கூடிய தொகுப்பு ஒன்றைக் கண்டால், பயனரைக் கேட்காமல் அதை அப்படியே விட்டுவிட்டுப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். கேள்வி கேட்கக் கூடாது என்ற நம் உரைகல்லில் இது தேறுகிறது. ஆனால் விடப்பட்ட தொகுப்பு விடப்பட்டதாகவே கிடக்கும் என்பதையும், அந்தப் பதிவேட்டை யாராவது திறந்து பார்த்தால்தான் அது தெரியவரும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மேலே சொன்ன பிரிண்டர் பகிர்ந்த கணினியில் அச்சுச் சேவைக்கான பாதுகாப்புத் திருத்தமே இப்படி நின்றுபோகலாம். 'இருப்பதையே வைத்துக்கொள்' என்ற விடையை டிபிகேஜிக்கான விருப்பமாக ஏபிடியின் அமைவில் முன்கூட்டியே எழுதிவைத்தால் இந்தச் சிக்கல் தீரும். பிறருக்காகப் பராமரிக்கும் ஒவ்வொரு கணினியிலும் நான் முதலில் பரிந்துரைப்பது இந்த இரண்டு வரி அமைவைத்தான்.

இன்னும் இரண்டு ஓட்டைகள் இதைவிடப் பெரியவை. முதலாவது, இக்கருவி தன் அமைவில் பெயர் குறிப்பிடப்பட்ட களஞ்சியங்களை மட்டுமே நம்பும். கூகுள் குரோமின் டெப் கோப்பை (டெபியன் வகைத் தொகுப்பை) பதிவிறக்கி நிறுவினால், குரோமின் தனிக் களஞ்சியமும் உடன் சேர்ந்துவிடும். ஆனால் அது அனுமதிப் பட்டியலில் இல்லாததால் குரோம் தானாக மேம்படாது. ஒரு வீட்டுக் கணினியில் வெளியுலகத் தாக்குதலுக்கு அதிகம் ஆளாகும் மென்பொருள் உலாவிதான். அதையே விட்டுவிட்டு மற்றவற்றைக் காப்பதில் என்ன பயன்? அந்தக் களஞ்சியத்தின் பெயரை அனுமதிப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். இரண்டாவது, டேட்டா அளவுக்குக் கட்டணம் செலுத்தப்படும் இணைப்பு என்று அறிந்தால் இக்கருவி பேசாமல் ஒதுங்கிவிடும். ஆண்ட்ராய்டு செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும், பிணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் அதைத் தானே கண்டுபிடித்து, அத்தகைய இணைப்பாகவே குறித்துக்கொள்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் வீட்டில் வேறு இணைப்பே இல்லாமல் ஆண்டு முழுவதும் ஹாட்ஸ்பாட்டிலேயே இருக்கும் மடிக்கணினிக்கு, தானியங்கி மேம்படுத்தல் ஒரு நாளும் நடக்காது என்பதே இதன் பொருள். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். மின்னிணைப்பு இல்லாமல் பேட்டரியில் ஓடும்போதும் இதே கதை. ஆக, எல்லாம் தானாக நடக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் கணினியில் எதுவுமே நடக்காமல் இருக்கலாம்.

தானாக நடப்பதில் இன்னொரு வகை இடரும் உண்டு. 2023 மார்ச் 8 அன்று, கண்காணிப்புச் சேவை நிறுவனமான டேட்டாடாகின் சேவை உலகெங்கும் முடங்கியது. உபுண்டு 22.04இல் ஓடிய அதன் பல்லாயிரம் கணினிகளில், சிஸ்டம்டிக்கான ஒரு பாதுகாப்புத் திருத்தம் உலகப் பொது நேரப்படி காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே தானாக நிறுவப்பட்டது. அதன் விளைவாகப் பிணையச் சேவை மீண்டும் தொடங்கியபோது, வேறொரு மென்பொருள் அமைத்திருந்த வழித்தடங்களை அது அழித்துவிட்டது. மேலே சொன்ன அதே டைமர்தான். வெவ்வேறு கண்டங்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத தரவு மையங்களில் இருந்த கணினிகளை ஒரே மணி நேரத்தில் வீழ்த்திய ஒற்றுமை அந்த இயல்பு அமைவிலிருந்தே வந்தது. இதைச் சொல்லித் தானியங்கி முறையே வேண்டாம் என்போர் உண்டு. அது சரியான பாடமாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் மேம்படக் கூடாது என்பதே அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. பன்னிரண்டு கணினிகள் கொண்ட அலுவலகத்தில்கூட இரண்டை முதலில் மேம்படவிட்டு, மற்றவற்றின் டைமரை இரண்டு நாள் தள்ளி அமைப்பதற்குப் பெரிய திறமை எதுவும் தேவையில்லை.

மறுதொடக்கத்தின்போது நிறுவுவது

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலின் கோப்புகளை அதன் காலடியிலிருந்தே மாற்றுவது எப்போதும் சற்று ஆபத்தான வேலை. ஃபயர்பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டே அதன் தொகுப்பை மேம்படுத்தியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: அடுத்த தாவலைத் திறந்ததும், தொடர்ந்து பயன்படுத்த உலாவியை மறுபடி தொடங்குங்கள் என்று அது நின்றுவிடும். படிவத்தில் பாதி நிரப்பியிருந்தால் பயனரின் மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 2016 அக்டோபரில் ஃபெடோரா வழங்கலில் டெஸ்க்டாப்புக்குள் இருந்த டெர்மினலில் அதன் தொகுப்புக் கருவியான டிஎன்எஃப் கொண்டு மேம்படுத்தியவர்களுள் சிலருக்கு, குறிப்பாக இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகள் கொண்ட மடிக்கணினிகளில், சிஸ்டம்டி தொகுப்பின் மேம்படுத்தல் வரைகலைச் சூழலையே வீழ்த்தியது. டெர்மினலும் அதனுடன் போய்விட, மேம்படுத்தல் பாதியில் அறுந்து, ஒரே தொகுப்பின் இரண்டு பதிப்புகள் பதிவேட்டில் தங்கிவிட்டன.

ஃபெடோரா இதற்கான மாற்று வழியை 2013 ஜனவரியில் வந்த 18ஆம் பதிப்பிலேயே க்னோம் டெஸ்க்டாப் சூழலின் பயனர்களுக்குக் கொடுத்திருந்தது. புதிய தொகுப்புகள் பின்னணியில் பதிவிறக்கப்பட்டுக் காத்திருக்கும். பயனர் அணைக்கவோ மறுதொடக்கவோ செய்யும்போது, புதுப்பிப்புகளையும் நிறுவட்டுமா என்று ஒரு கட்டம் தோன்றும். ஒப்புக்கொண்டால், கணினி மிகக் குறைந்த சேவைகளுடன் ஒரு தனி நிலையில் எழுந்து, நிறுவி முடித்து, மீண்டும் ஒரு முறை தொடங்கும். அந்த நேரத்தில் பயனரின் நிரல் எதுவும் ஓடாததால் மேற்சொன்ன விபத்துகளுக்கு இடமே இல்லை. டெபியனில் க்னோம் மென்பொருள் மையம் பேக்கேஜ்கிட் என்ற இடைநிலைச் சேவை வழியாக இதையே செய்கிறது. உபுண்டுவின் அப்டேட் மேனேஜர் செய்வதில்லை.

விண்டோஸ்போல ஆகிவிட்டதே என்ற முணுமுணுப்பு இம்முறைக்கு எதிராக எழுவதுண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. என் தயக்கம் வேறு. இம்முறை நேரத்தின் சிக்கலை அழகாகத் தீர்க்கிறதே தவிர, பாதியில் மின்சாரம் போனால் வரும் சிக்கலைச் சற்றும் தொடவில்லை. அந்தத் தனி நிலையிலும் கோப்புகள் ஒவ்வொன்றாகத்தான் மாற்றப்படுகின்றன. யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி நடுவில் அணைந்தால் அரைகுறையாகவே எழும். மாலை ஐந்தரைக்கு வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் 'அணை' அழுத்தியவர், திரையில் விழுக்காடு மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார். மடிக்கணினிக்கு இந்தக் குறை பெரும்பாலும் இல்லை, பேட்டரி காப்பாற்றும்.

திரும்பிவரும் வழி

மேம்படுத்துவதற்கு முன் கணினியின் நிலையைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது, மேற்சொன்ன எந்த முறையோடும் இணைத்துக்கொள்ளக் கூடியது. இதை முதலில் ஒழுங்காக உள்ளமைத்தது ஓப்பன்சூசே வழங்கல். 2011இல் வந்த 12.1இல், இத்தகைய நிலைப் படங்களை (ஸ்னாப்ஷாட்) எடுக்கும் ஸ்னாப்பர் கருவியைச் சேர்த்தது. 2014இல் வந்த 13.2 முதல் இயங்குதளத்தின் வேர்ப் பகுதிக்கு, கோப்புகளை நகலெடுக்காமலே ஸ்னாப்ஷாட் எடுக்கவல்ல பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறையையே இயல்பாக்கியது. அங்கே தொகுப்புக் கருவியான ஸிப்பர் ஒவ்வொரு முறை ஓடும்போதும் முன்னும் பின்னும் ஒரு ஸ்னாப்ஷாட் தானாக எடுக்கப்படும். கணினி எழவில்லை என்றால், தொடக்கத்தில் தோன்றும் கிரப் பட்டியலிலேயே பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்து உள்ளே போகலாம். மின்ட்டில் 2017 முதல் டைம்ஷிஃப்ட் என்ற ஸ்னாப்ஷாட் கருவி உடன் வருகிறது. ஆனால் உபுண்டுவும் மின்ட்டும் இயல்பாக இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் நிறுவப்படுவதால், டைம்ஷிஃப்ட் அங்கே ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவியைக் கொண்டு கோப்புகளை உண்மையாகவே நகலெடுக்க வேண்டியிருக்கிறது. நேரமும் இடமும் தேவை. 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள பழைய மடிக்கணினியில் முதல் நகலே கணிசமான இடத்தைப் பிடிக்கும், அடுத்தடுத்த நகல்கள் மாறிய கோப்புகளுக்கு மட்டும் இடம் கேட்கும்.

திரும்பிவரலாம் என்பதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. பயனரின் ஹோம் அடைவு ஸ்னாப்ஷாட்டில் சேர்வதில்லை, சேரவும் கூடாது. பழைய நிலைக்குத் திரும்பினால் நேற்று எழுதிய கடிதம் காணாமல் போவதை யார் ஏற்பார்கள்? அதன் விளைவாக நிரல் பழையதாகவும் அதன் தரவு புதியதாகவும் இருக்கும் நிலை வருகிறது. ஃபயர்பாக்ஸ் 2019 முதல், தன்னைவிடப் புதிய பதிப்பு பயன்படுத்திய பயனர் விவரத்தைத் திறக்க மறுத்து, புதிதாக ஒன்றை உருவாக்கச் சொல்கிறது. பயனருக்கு அவருடைய புக்மார்க்குகள் எல்லாம் அழிந்துவிட்டதுபோல் தோன்றும். 2020 ஜூலையில் பூட்ஹோல் என்ற குறைபாட்டுக்காக வந்த திருத்தத்துக்குப் பிறகு ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, சென்ட்ஓஎஸ் 8 கணினிகள் பல எழவே மறுத்தன. அங்கே பழுதானது கணினியை எழுப்பும் நிரலே. அது தனி பார்ட்டிஷனில் இருப்பதால் வேர்ப் பகுதியின் ஸ்னாப்ஷாட்டால் அதை மீட்க முடியாது. இவ்வளவையும் மீறி, ஸ்னாப்ஷாட் இல்லாத கணினியில் பயனரை மேம்படுத்தச் சொல்வதைவிட, உள்ள கணினியில் சொல்வது பல மடங்கு மேல்.

முழு இயங்குதளத்தையும் ஒன்றாக மாற்றுவது

ஃபெடோரா சில்வர்புளூ, ஓப்பன்சூசே மைக்ரோஓஎஸ், ஸ்டீம் டெக்கில் ஓடும் ஸ்டீம்ஓஎஸ் 3 ஆகியவை இந்த வகை. நுட்பம் ஒவ்வொன்றிலும் வேறு, கருத்து ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தைத் தொடாமல், அதன் அருகிலேயே புதியதை முழுமையாகத் தயார் செய்து, அடுத்த தொடக்கத்தில் அதற்குத் தாவுவது. சில்வர்புளூவில் ஓஎஸ்ட்ரீ என்ற அமைப்பு, மாறிய கோப்புகளை மட்டும் பதிவிறக்கி, மாறாதவற்றைப் பழையதோடு பகிர்ந்துகொள்கிறது. எனவே இரண்டு இயங்குதளங்கள் இருந்தாலும் வட்டில் இரண்டு மடங்கு இடம் பிடிப்பதில்லை. தயாரிப்பின் நடுவே மின்சாரம் போனால், பழைய இயங்குதளம் ஒன்றும் நடவாததுபோல எழும். புதியது பிடிக்கவில்லை என்றால் தொடக்கப் பட்டியலில் முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அமைவுக் கோப்புகளில், பழைய மூலம், புதிய மூலம், பயனர் செய்த மாற்றம் மூன்றையும் ஒப்பிட்டு, பயனர் மாற்றியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றைப் புதுப்பித்துவிடுகிறது. டிபிகேஜி கேட்ட அந்தக் கேள்வி இங்கே எழுவதே இல்லை.

நான் எழுப்பிய கேள்விகளுள் நான்கிற்கு இவ்வளவு தெளிவான விடை வேறெந்த முறையிலும் கிடையாது. அப்படியானால் எல்லாரும் இதற்கே மாறிவிடலாமே என்று கேட்டால், ஐந்தாவது கேள்வி குறுக்கே நிற்கிறது. ஃபெடோரா வேகமாக நகரும் வழங்கல். ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே ஆதரவு. மாறிய கோப்புகள் மட்டும் என்றாலும், டெபியனின் நிலைப் பதிப்போடு ஒப்பிட்டால் டேட்டா கணிசமாகக் கூடும். ஹாட்ஸ்பாட்டில் வாழும் மடிக்கணினிக்கு இது பொருந்தாது. அடுத்தது வன்பொருள். உற்பத்தியாளர் தரும் தனி டிரைவர் இல்லாமல் ஓடாத பழைய லேசர் பிரிண்டர்கள் நம் அலுவலகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அத்தகைய டிரைவரை இயங்குதளத்தின் மேல் ஓர் அடுக்காகச் சேர்க்க, சில்வர்புளூவின் மேம்படுத்தல் கருவியான ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ அனுமதித்தாலும், அடுக்குகள் சேரச்சேர ஒவ்வொரு மேம்படுத்தலும் மெதுவாகி, புதிய பதிப்போடு டிரைவர் ஒத்துவராத நாளில் மேம்படுத்தலே நின்றுவிடும். மாற்றம் நடைமுறைக்கு வர மறுதொடக்கம் வேண்டும் என்பதும் உண்டு. மூடியை மடக்கித் தூங்கவைத்தே வாரக்கணக்கில் பயன்படுத்துபவரின் கணினியில் புதியது தயாராக இருந்தும் பழையதே ஓடிக்கொண்டிருக்கும்.

நிக்ஸ்ஓஎஸ் என்ற வழங்கல் பற்றியும் கேட்பார்கள். திரும்பிவருவதில் அதற்கு இணையில்லை. ஆனால் கணினியின் அமைவு முழுவதையும் ஒரு தனி மொழியில் எழுதத் தெரிந்தவருக்கானது அது. நாம் பேசும் பயனர் அவரல்லர்.

செயலிகளை மட்டும் தனியே பிரித்து, ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் (செயலியை அதற்கு வேண்டியவற்றோடு தனிப் பொதியாகத் தரும் முறைகள்) வழியாகக் கொடுப்பது மேற்சொன்ன எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். ஸ்னாப் நாளைக்கு நான்கு முறை புதுப்பிப்பைத் தேடுகிறது, முந்தைய பதிப்பையும் வைத்திருக்கிறது, எனவே ஒரு கட்டளையில் பின்னே போகலாம். பயனர் விரும்பினாலும் புதுப்பிப்பை நிறுத்த முடியாது என்று பல ஆண்டுகள் இருந்த பிடிவாதம், 2022 இறுதியில் நிறுத்திவைக்கும் வசதி வந்த பிறகு தளர்ந்தது. ஃபிளாட்பேக்கில், திறந்திருக்கும் செயலி மூடும்வரை பழைய பதிப்பிலேயே ஓடும் என்பதால் தாவல் நின்றுபோகும் தொல்லை இல்லை. உலாவியையும் லிப்ரேஆபிஸையும் இப்படிக் கொடுத்தால், பயனர் அன்றாடம் காணும் மாற்றங்களில் பெரும்பகுதி இயங்குதளத்தின் மேம்படுத்தலிலிருந்தே விடுபட்டுவிடும். முதல் பதிவிறக்கம் பெரிதாக இருக்கும்.

எதைத் தேர்வது

ஏற்கெனவே உபுண்டுவோ மின்ட்டோ ஓடும் கணினிகளை வேறொன்றுக்கு மாற்ற வேண்டியதில்லை என்பதே என் முடிவு. பாதுகாப்புத் திருத்தங்களைத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்து, அதன் அனுமதிப் பட்டியலில் உலாவியின் களஞ்சியத்தைச் சேர்த்து, அமைவுக் கோப்புக் கேள்விக்கு விடையை முன்பே எழுதிவைத்துவிட வேண்டும். வாரம் ஒரு முறை டைம்ஷிஃப்ட் நகலெடுக்கட்டும். மற்ற மேம்படுத்தல்களைப் பயனரிடம் விடாமல், மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பவரே தொலைவிலிருந்தோ நேரிலோ செய்வதும், அன்றே தானியங்கிக் கருவியின் பதிவேட்டைப் படித்து விடுபட்டவற்றைப் பார்ப்பதும் போதும். கணினி அறை போன்ற இடத்தில் ஒரு கணினியில் ஏபிடி-கேச்சர்-என்ஜி வைத்துவிட்டால், ஒரு தொகுப்பு ஒரே முறைதான் இணையத்திலிருந்து இறங்கும். மற்ற கணினிகள் உள்பிணையத்தில் எடுத்துக்கொள்ளும். ஆனால் பாடவேளையில் முக்கால் மணி நேரம் மட்டும் ஓடி அணையும் கணினியில், ஒரு மணி நேரம் வரை தற்செயலாகத் தாமதிக்கும் டைமரை நம்பக் கூடாது. தாமதத்தைப் பத்து நிமிடமாகக் குறைக்க வேண்டும், அல்லது வாரம் ஒரு மாலை எல்லாவற்றையும் ஓடவிட வேண்டும்.

ஹாட்ஸ்பாட்டை மட்டுமே நம்பும் மடிக்கணினிக்குத் தனி ஏற்பாடு தேவை. கட்டண இணைப்பில் ஒதுங்கும் அமைவை அணைத்துவிட்டு, பாதுகாப்புத் திருத்தங்களுக்கு மட்டும் இடம் கொடுப்பதே நல்லது. டெபியனின் நிலைப் பதிப்பில் அவற்றின் அளவு பெரும்பாலான வாரங்களில் ஒரு காணொளிக்கு ஆகும் டேட்டாவைத் தாண்டாது. கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) வரும் வாரம் விலக்கு.

புதிதாக வாங்கும் கணினி, அகன்ற அலைவரிசை இணைப்பு, உலாவியும் அலுவலகச் செயலிகளும் தவிர வேறெதுவும் தேவைப்படாத பயனர், தனி டிரைவர் கேட்காத பிரிண்டர் ஆகிய நான்கும் ஒன்றாக அமைந்தால், சில்வர்புளூ வகையைத் தயங்காமல் கொடுக்கலாம். நான்கில் பிரிண்டரே பெரும்பாலும் இடறுகிறது. ஆகவே அதை வாங்கும்போதே, டிரைவர் இல்லாமல் ஐபிபி என்ற பொது அச்சு நெறிமுறையில் அச்சிடுமா என்று விசாரித்துக்கொள்வது பின்னால் பல மேம்படுத்தல்களை எளிதாக்கும். உபுண்டு 24.04இல் இப்போது ஓடும் கணினிகளுக்கு 2029 வரை வழக்கமான ஆதரவு இருப்பதால், அவற்றின் வன்பொருளை மாற்றும் காலம் வரும்போது இந்தக் கேள்வியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.